முடிஞ்சது என்று சொன்ன பிறகு எடுத்த படம்

போன மாதம் எங்கள் போட்டோகிராபர்கள் வாட்ஸ்அப் குழுவில் கம்பம் ஊரைச் சேர்ந்த தம்பி ஒருவர் மாப்பிள்ளைப் படம் ஒன்றைப் போட்டார். ஒரே படம், இரண்டு தடவை. முதலாவதில் மாப்பிள்ளை விறைத்துக்கொண்டு முறைக்கிறார். இரண்டாவதில் அதே சட்டை, அதே நிற்பு, வாய் மட்டும் சிரிக்கிறது. போனில் ஒரு தட்டு தட்டினால் சிரிப்பு வந்துவிடுகிறதாம். "இனிமே ஆம்பளைகளைச் சிரிக்க வைக்கப் பாடுபட வேண்டாம்" என்று கீழே எழுதியிருந்தார். கைதட்டுகிற பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தன. நான் மட்டும் ஒன்றும் போடவில்லை. சங்கத் தலைவர் விடாமல், "ஈஸ்வரியக்கா ஏன் சும்மா இருக்கீக?" என்று கேட்டார். ஆண்டு மலருக்கு எழுதித் தருகிறேன் என்று சொன்னேன். சொன்ன வாய்க்கு எழுத வேண்டியதாகிவிட்டது.

சின்னமனூர் மெயின் ரோட்டில் ஒரே ஸ்டூடியோவில் முப்பத்துநாலு வருஷம் வேலை பார்த்தேன். ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது. ஆண்களை இயல்பாக உட்கார வைத்துப் படம் எடுப்பதில் இந்தப் பக்கம் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. தற்பெருமை என்று நினைக்கிறவர்கள் உங்கள் வீட்டு ஹாலில் மாட்டியிருக்கும் அப்பா படத்தை இறக்கி, பின்பக்கம் யார் முத்திரை இருக்கிறது என்று பாருங்கள். பாதிப் படம் நான் எடுத்ததாக இருக்கும்.

வேலைக்குச் சேர்ந்தபோது கேமராவை நான் தொட்டதுகூட இல்லை. நெகட்டிவில் பென்சில் வைத்து அம்மைத் தழும்பையும் பருவையும் மறைக்கிற வேலைக்குத்தான் எடுத்தார்கள். ஜன்னலோரம் ஒரு மேஜை, அதன் மேல் ஒரு பூதக்கண்ணாடி, நாள் முழுக்க முகங்கள். முகத்தை நான் படித்தது அந்த மேஜையில்தான். பிறகு, பெண்களைப் பெண் எடுத்தால் நல்லது என்று கேமரா கைக்கு வந்தது. அதற்கும் பிறகு, முகூர்த்த நாட்களில் முதலாளி கல்யாண வீடுகளுக்குப் போய்விட, ஸ்டூடியோவுக்கு வருகிற ஆண்களும் என் தலையில் விழுந்தார்கள்.

முதலாளியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. பிரிண்ட் போட்டுக் கொண்டுவந்து என் மேஜையில் கவிழ்த்து வைப்பார். "நீயே திருப்பிப் பாருத்தா" என்பார். திருப்பிய உடனே எது கண்ணை உறுத்துகிறதோ அதை நானே சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் டீ வரும். தப்பாகச் சொன்னால் ஒரு வார்த்தை பேசாமல் மறுபடி கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்விடுவார். ஒரு படத்தை நான் ஆறு தடவை திருப்பியிருக்கிறேன். கடைசியில் பார்த்தால் அந்த மனிதரின் கட்டை விரல் உள்ளங்கைக்குள் ஒளிந்திருந்தது. பயந்தவர்களும் கோபக்காரர்களும்தான் கட்டை விரலை மறைப்பார்கள் என்று அன்றைக்கு நானாகவே தெரிந்துகொண்டேன். டீயும் வந்தது.

வாடிக்கையாளரிடம் "சிரிங்க" என்று அவர் சொல்லவே மாட்டார். என்னையும் சொல்ல விடமாட்டார். "சிரிக்கச் சொல்லாதத்தா. பல்லைக் காட்டுவாக, அம்புட்டுத்தான்" என்பார். அவர் எடுக்கும்போது இரண்டு விரலால் ஆளின் தாடையைப் பிடித்து, பூட்டில் சாவி திருப்புகிற மாதிரி மெல்லத் திருப்பி நிறுத்துவார். அதைப் பார்த்துத்தான் நானும் முதல் ஆணின் தாடையைப் பிடித்தேன். திராட்சைத் தோட்டக்காரர், நாற்பது வயதிருக்கும். பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவர் சம்சாரம் விருட்டென்று எழுந்து, "ஏத்தா, கைய எடு. எந்தப் பக்கம் திரும்பணும்னு சொல்லு, நான் திருப்புறேன்" என்றார். திருப்பவும் செய்தார். அந்த மனிதரின் காது இரண்டும் மிளகாய்ப் பழமாகிவிட்டது. படத்தைக் கவிழ்த்து வைக்கவே முதலாளிக்கு மனசு வரவில்லை. விழுந்து விழுந்து சிரித்தார்.

அன்றோடு ஆண்களைத் தொடுகிற பேச்சே இல்லை. தொடாமல் எப்படி உட்கார வைப்பது என்று நானே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. என் தொழில் அந்தச் சங்கடத்தில்தான் வளர்ந்தது.

கேமராவைக் கண்டதும் ஆண்பிள்ளை செய்கிற காரியங்கள் எல்லா ஊரிலும் ஒன்றுதான். மூச்சை இழுத்து நெஞ்சுக்குள் பூட்டுவார். நாடியைத் தூக்குவார். கைகளை உடம்பில் ஒட்டாமல் அந்தரத்தில் வைத்துக்கொள்வார். மீசையை ஒரு தடவை நீவுவார். அதையெல்லாம் தடுக்கக் கூடாது. மீசையை நீவட்டும், நீவி முடித்துக் கை இறங்குகிற நேரத்தில் முகம் கொஞ்சம் அவர் முகமாக இருக்கும். நான் முதலில் பார்ப்பது கால்களை. இரண்டு காலிலும் சமமாக நின்றால் போலீஸ் பரேடு மாதிரிதான் வரும். "செருப்பைக் கழட்டிட்டு வாங்கண்ணே, தரை வழுக்கும்" என்பேன். தரை வழுக்காது. வெறுங்காலில் நின்றதும் ஆள் தன்னால் ஒரு காலுக்கு எடையைக் கொடுத்துவிடுவார். "தாடையை இறக்குங்க" என்றால் தலை மொத்தமும் தொங்கிவிடும். "நெத்தியை மட்டும் எம்பக்கம் கொண்டாங்க" என்றால் தாடை தானாக இடத்துக்கு வரும். எதிரே நின்று நான் செய்து காட்டுவேன், கண்ணாடி மாதிரி அவரும் செய்வார். உட்கார்ந்து எடுப்பதாக இருந்தால் முதுகு சாயாத ஸ்டூல்தான், அதிலும் நுனியில்.

மூச்சை வெளியே விட வைக்க ஒரு கேள்வி வேண்டும். ஆமாம், இல்லை என்று சொல்கிற கேள்வி ஆகாது. கணக்குப் போட வைக்கிற கேள்வி வேண்டும். திராட்சைக்காரரிடம் "பந்தலுக்கு எத்தனை கல்தூண் நட்டீக?" என்பேன். வாழைக்காரரிடம் போன காற்றில் எத்தனை மரம் சாய்ந்தது என்று கேட்பேன். கண் மேலே போய்க் கணக்குப் பார்த்து, விடை கிடைத்ததும் கீழே இறங்கி என்னைப் பார்க்கும். இறங்குகிற அந்தப் பார்வையைப் பிடித்தால் படம் ஜெயித்தது.

இதெல்லாம் பாதித் தொழில். மீதிப் பாதி ஒரு பொய்.

அதை எங்கள் ஸ்டூடியோவில் "திருட்டுக் கிளிக்" என்போம். முதலாளி சொல்லிக்கொடுத்தது. நாலைந்து படம் முறைப்படி எடுத்துவிட்டு, "முடிஞ்சதுண்ணே, நல்லா வந்துருச்சு" என்று கேமராவை விட்டு விலகி நிற்க வேண்டும். பூட்டி வைத்த மூச்சு புஸ்ஸென்று வெளியே வரும். தோள் இறங்கும். முகம் வீட்டுக்கு வந்துவிடும். முதுகுக்குப் பின்னால் கையில் கேமராவைத் தள்ளி நின்றே அமுக்குகிற கேபிள் இருக்கும். டிஜிட்டல் வந்த பிறகு தீப்பெட்டி அளவு ரிமோட். அமுக்கிவிட்டால் தீர்ந்தது. முறைப்படி எடுத்ததைவிட அந்தப் படத்தைத்தான் எல்லோரும் வாங்கிப்போனார்கள். எப்போது எடுத்தது என்று யாரும் கேட்டதில்லை. பொய் சொல்கிறோமே என்று எனக்கும் ஒருநாளும் தோன்றியதில்லை.

செல்வம் வருகிற வரைக்கும்.

பத்துப் பன்னிரண்டு வருஷம் முந்தைய கதை. இதை எழுதலாமா என்று அவரிடம் போனில் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "பேரைப் போட்டே எழுதுங்கக்கா" என்றார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் தன் அக்கா தங்கத்தோடு ஸ்டூடியோவுக்கு வந்தார். கூடலூர்க்காரர், ஜீப் டிரைவர். ஏலத்தோட்ட வேலைக்குப் போகிற பெண்களைக் குமுளி மலை ஏற்றிக் கேரளத்துக்குள் கொண்டுபோய் விடுகிற ஜீப். வயது முப்பத்துநாலு. மூன்று இடத்தில் பெண் பார்த்துத் தட்டிப்போயிருந்தது.

பேச்செல்லாம் தங்கம்தான். "பொட்டிப்புரத்துப் பக்கம் ஒரு பொண்ணு தகைஞ்சு வந்துருக்குக்கா. தேனியில மருந்துக்கடையில வேலை பாக்குது. நாங்க குடுத்த படத்தைத் திருப்பிக் குடுத்துட்டாக. முகத்தைப் பாத்தா பயமா இருக்கு, வேற படம் இருந்தா காட்டுங்கன்னு அந்தப் பொண்ணே சொல்லிருச்சாம். வெள்ளிக்கிழமைக்குள்ள குடுக்கணும். இதுவும் போச்சுன்னா இவன் இனிமே பொண்ணே பாக்கக் கூடாதுங்கிறான்."

திரும்பி வந்த படத்தைக் காட்டினாள். எங்கோ எடுத்தது. வாய் ஒரு கோடு. பல்லைக் கடித்துக்கொண்டிருந்ததால் தாடை இரண்டு பக்கமும் புடைத்திருந்தது. பெண் பயந்ததில் தப்பே இல்லை. "இம்புட்டுத்தானே, அரை மணி நேரத்து வேலை" என்றேன். அப்படித்தான் அன்றைக்கு என் மண்டைக்கனம் இருந்தது.

ஸ்டூல் நுனியில் உட்கார வைத்தேன். செருப்பைக் கழற்ற வைத்தேன். நெற்றியைக் கொண்டுவரச் சொன்னேன். எல்லாம் செய்தார். வாய் மட்டும் திறக்கவில்லை. சரி, கணக்குக் கேள்விதான் என்று, "லோயர் கேம்ப்புலருந்து குமுளிக்கு எத்தனை வளைவு தம்பி?" என்றேன். டிரைவரிடம் இதைவிட நல்ல கேள்வி எது? கண் மேலே போகவில்லை. முகம் இன்னும் இறுகியது. "எண்ணுனதில்லை" என்றார். கூச்ச சுபாவம் போல என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்தது பழைய வழிதான். ரிமோட்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "முடிஞ்சது தம்பி, நல்லா வந்துருச்சு" என்று விலகி நின்றேன்.

தோள் இறங்கியது. கழுத்தில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். வாசலில் நின்ற தங்கம், "ஏலே, ஒரு படத்துக்கு இம்புட்டு வேர்வையா? துண்டைப் பிழிஞ்சா ஒரு குடம் ரொம்பும்" என்றாள். அவளைப் பார்த்துச் சிரித்தார் பாருங்கள். இடது கன்னத்தில் ஒரு குழி விழுந்தது. அவ்வளவு நேரம் அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவர் வேறு யாரோ என்று ஆகிவிட்டது. அமுக்கினேன்.

முதலாளி அப்போதெல்லாம் காலையில் மட்டும் வந்து கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். கம்ப்யூட்டரில் படத்தைப் பார்த்துவிட்டு, "டீ சொல்லுத்தா" என்றார். நான் ஏதோ பட்டம் வாங்கிய மாதிரி செல்வத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

பார்த்தார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"இது எப்ப எடுத்தீக?"

"இப்பத்தான் தம்பி."

"முடிஞ்சதுன்னு சொன்னீகள்ல?"

"அது ஒரு இதுக்காகச் சொல்றதுதான். அப்பத்தான் முகம் நல்லா..."

"சொல்லாம எடுத்தீகளா?" குரல் உயரவில்லை. "நான் சிரிக்கிறதை எங்கிட்டச் சொல்லாம எடுத்தீகளா? அழிங்கக்கா. இப்பவே அழிங்க."

தங்கம் அழ ஆரம்பித்துவிட்டாள். "இவகளுக்கு என்னடா தெரியும்" என்று சொல்லிக்கொண்டே பையிலிருந்து பிளாஸ்டிக் கவரில் வைத்திருந்த ஒரு பழைய பேப்பர் துண்டை எடுத்து என் முன்னால் வைத்தாள். போட்டோவைத் திருப்பிக் கொடுத்தபோது பெண் வீட்டார் அதையும் சேர்த்துக் கொடுத்தார்களாம். யாரோ அவர்களுக்கு வேலை மெனக்கெட்டு அனுப்பியிருக்கிறார்கள். "இவருதானே அதுன்னு கேட்டாகக்கா. ஆமான்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

மூன்று வருஷத்துக்கு முந்தைய மாலைப் பேப்பர். மலைப்பாதையில் கவிழ்ந்து கிடக்கும் ஜீப். அதற்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருக்கிற செல்வம். வாய் அகலத் திறந்து, பல்லெல்லாம் தெரிகிறது. பார்க்கிற எவரும் சிரிக்கிறான் என்றுதான் சொல்வார்கள்.

நடந்ததைத் தங்கம்தான் சொன்னாள். இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை. ஒரு பக்கம் பள்ளம், ஒரு பக்கம் மலைச் சரிவு. செல்வம் வண்டியை மலைப்பக்கம் ஏற்றிக் கவிழ்த்துவிட்டார். உள்ளே பதினோரு பெண்கள். கை கால் முறிவோடு போயிற்று, உயிர்ச்சேதம் இல்லை. ஒவ்வொருவராக வெளியே இழுத்துப்போட்டு எண்ணியிருக்கிறார். பதினொன்றை எண்ணி முடித்ததும் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதிருக்கிறார். அந்த நேரத்தில் அந்த வழியாக வந்த யாரோ ஒருவர் எடுத்த படம் அது. கேஸில் பிரேக்தான் காரணம், அவர் மேல் தப்பில்லை என்று தீர்ந்துவிட்டது. ஆனால் கேஸ் கட்டை யார் படித்தார்கள்? டீக்கடையில் படத்தைத்தான் பார்த்தார்கள். "பொம்பளைகளைக் கவுத்துப்புட்டுச் சிரிக்கிறான் பாரு" என்றார்கள். அன்றிலிருந்து நாலு பேர் பார்க்கும் இடத்தில் செல்வம் வாயைத் திறந்து சிரித்ததில்லை.

நான் என் பழைய மேஜையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்துவந்து பேப்பர் மேல் வைத்தேன். புள்ளி புள்ளியாக முகம் விரிந்தது. புருவத்தின் உள்நுனி இரண்டும் மேலே ஏறி நின்றன. சிரிக்கிறவனுக்கு அங்கே ஏறாது. எத்தனை ஆயிரம் முகத்துக்குப் பென்சில் வைத்திருக்கிறேன், இதுகூடத் தெரியாதா?

"தம்பி, இது அழுகை" என்றேன்.

"உங்களுக்குத் தெரியுதுக்கா" என்றார். "ஊருக்கு?"

அவ்வளவு வெட்கம் என் தொழிலில் எனக்கு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. எவனோ ஒருவன் கேட்காமல் எடுத்த படத்தால் இந்தத் தம்பி மூன்று வருஷமாக வாயைப் பூட்டிக்கொண்டு திரிகிறார். பூட்டைத் திறக்கத் தெரிந்தவள் என்று என்னிடம் கூட்டிவருகிறார்கள். நானும் அதே வேலையைச் செய்து, காட்டிப் பெருமைப்பட்டுக்கொள்கிறேன். முதலாளியைப் பார்த்தேன். அவர் டீ கிளாஸை மேஜையில் வைத்துவிட்டு, "அவுக சொன்னதைச் செய்யித்தா" என்றார்.

செல்வத்தைப் பக்கத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டு கம்ப்யூட்டரில் அழித்தேன். கேமரா கார்டிலும் அழித்தேன். இரண்டையும் காட்டினேன். என் ஆயுசில் எடுத்த நல்ல படங்களில் ஒன்று அது.

"வாக்கா போவோம்" என்று அவர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை வரப்போகிறது, அந்தப் பெண்ணுக்குக் காட்ட அந்தப் பயங்கரப் படத்தைத் தவிர ஒன்றும் கிடையாது. போக விடக் கூடாது என்று மட்டும் எனக்குத் தெரிந்தது. என்ன சொல்வது என்று யோசிப்பதற்குள் கை முந்திக்கொண்டது. ரிமோட்டை அவரிடம் நீட்டிவிட்டேன்.

"தம்பி, இதுதான் அந்தத் திருட்டுச் சாமான். பிடிங்க. நீங்க அமுக்குனாத்தான் படம் விழும். நான் கேமராகிட்டயே வரமாட்டேன். பிடிக்காததை நீங்களே அழிச்சுக்கங்க. எது வெளிய போகணும்னு நீங்கதான் சொல்லணும்."

வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எந்தச் சாமானைக் கொடுத்தாலும் அப்படித்தான் பார்ப்பார் போல. செருப்பை மறுபடி கழற்றினார்.

ஸ்டூல் கால்களைச் சுற்றித் தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, போகஸைப் பூட்டினேன். அழிக்கிற பட்டனைக் காட்டிக்கொடுத்தேன். தங்கத்தின் பக்கத்தில் பெஞ்சில் போய், அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டேன். பின்னால் ஃபிளாஷ் அடிக்கும். எழுந்து வருகிற காலடி. ஒரு பட்டன் சத்தம், அழித்துவிட்டார். மறுபடி போய் உட்காருவார். முப்பது தடவைக்கு மேல் இருக்கும். ஆறிப்போன டீயைக் குடித்தேன். திரும்பிப் பார்க்காமல் உட்கார்ந்திருக்க நான் பட்டபாடு எனக்குத்தான் தெரியும். உள்ளே கிடந்து துடிக்கிறது, நெற்றியைக் கொண்டாங்க என்று சொல்ல. சொல்லவில்லை.

கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றது.

"அக்கா, உங்க வலது பக்க லைட்டுக்கு சார்ஜ் லேட்டா ஏறுது."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல தம்பி."

"சத்தத்தைக் கேளுங்க. இடது லைட்டு கிய்ங்குன்னு ஏறி முடிஞ்ச பொறகும் வலது ஏறிக்கிட்டே இருக்கு. அதான் ரெண்டு படத்துக்கு ஒண்ணு ஒரு பக்கம் இருட்டடிக்குது."

எழுந்து போய்க் காதைக் கொடுத்தேன். வாஸ்தவம்தான். பொய் சொல்ல அன்றைக்கு எனக்குத் தெம்பு இல்லை. "ஆறு மாசமா படத்துல ஒரு கன்னம் இருட்டாத்தான் வருது. நான் வர்றவுகளை மூஞ்சியைத் திருப்பு, மூஞ்சியைத் திருப்புன்னு படுத்திக்கிட்டு இருக்கேன்" என்றேன்.

"நல்லா இருக்கே" என்றார் செல்வம். "வண்டியில கோளாறை வச்சுக்கிட்டு பாசஞ்சரை நகந்து உக்காரச் சொல்லியிருக்கீக."

கல்லாவிலிருந்து முதலாளி வாய்விட்டுச் சிரித்தார். தங்கம் சிரித்தாள். நான் லைட்டைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். "எடுக்குறேன்" என்று செல்வம் சொன்னது காதில் விழுந்தது. ஃபிளாஷ் அடித்தது.

எழுந்து வந்து திரையைப் பார்த்தவர் ரொம்ப நேரம் பட்டனை அமுக்கவில்லை. பிறகு, "இதைக் குடுங்க" என்றார்.

வாய் பெரிதாகத் திறக்கவில்லை. உதட்டோரம் சிரிப்பு இப்போதுதான் கிளம்பியிருந்தது. இடது கன்னத்தில் அந்தக் குழி. கண் நேராகக் கேமராவுக்குள் பார்த்தது. மடியில் வலது கையில் ரிமோட் தெரிந்தது. கட்டை விரல் வெளியேதான் இருந்தது. "கையை வெட்டிட்டுப் பிரிண்ட் போடவா?" என்று கேட்டேன். "இருக்கட்டும்க்கா, நான் எடுத்ததுதானே" என்றார்.

முதலாளி பிரிண்டை என் மேஜையில் கவிழ்த்து வைக்கவில்லை. நிமிர்த்தியே வைத்துவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து நான் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். ஆள் உட்காரும்போதே, "முடிஞ்சதுன்னு நான் சொன்ன பெறகும் எடுப்பேன், சம்மதமா?" என்று கேட்டுவிடுவேன். வேடிக்கை என்னவென்றால், சொல்லிவிட்டு எடுத்தாலும் தோள் இறங்கத்தான் செய்கிறது. அத்தனை வருஷம் பொய் சொன்னது வீண் வேலை. வேண்டாம் என்று சொன்னவர்களும் உண்டு, அவர்களை எடுப்பதில்லை. கம்பத்துத் தம்பியிடம் எனக்கு ஒரே ஒரு கேள்விதான். அந்த மாப்பிள்ளை சிரித்தால் எப்படி இருப்பார் என்று உங்கள் போனுக்கு யார் சொன்னார்கள்? அவரைக் கேட்டீர்களா?

வெள்ளிக்கிழமை போயிற்று. அடுத்த வெள்ளியும் போயிற்று. கூடலூரிலிருந்து ஒரு தகவலும் இல்லை. கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை. இதுவும் தட்டிப்போச்சு என்றே முடிவு கட்டிவிட்டேன்.

அதற்கடுத்த வாரம் ஒரு மத்தியான நேரம், முப்பது வயதுக்குள் இருக்கிற ஒரு பெண் தனியாகப் படியேறி வந்தாள். வெயிலில் பஸ்ஸில் வந்த முகம், தோளில் சாப்பாட்டுப் பை.

"கூடலூர் செல்வம்ங்கிறவரைப் படம் எடுத்தது இங்கனதானாக்கா?"

ஆமாம் என்றேன்.

"நான் கவிதா. படம் எங்க வீட்டுக்குத்தான் வந்துச்சு. அவரு கையில என்ன வச்சிருக்காரு?"

மேஜை டிராயரைத் திறந்து ரிமோட்டைக் காட்டினேன். "இதை அமுக்குனா படம் விழும்மா. அந்தப் படத்தை அவராத்தான் எடுத்தாரு. நான் லைட்டைப் பாத்துக்கிட்டு நின்னேன்."

"அவரே எடுத்ததா?" என்று இரண்டு தடவை கேட்டாள். பிறகு தன் போனை எடுத்தாள். பேப்பர் துண்டைத் திருப்பிக் கொடுக்கும் முன்னால் அதைப் போனில் எடுத்து வைத்திருக்கிறாள். பையிலிருந்து செல்வத்தின் படத்தை எடுத்து என் மேஜை மேல் வைத்து, பக்கத்தில் போனையும் வைத்தாள்.

"எங்க மாமா இந்தப் பேப்பரைக் காட்டி, இந்தச் சிரிப்பாணிக்காரனைக் கட்டிக்கிறியான்னு கேட்டாக. எனக்கும் ரெண்டு நாள் தூக்கம் இல்ல. இந்தப் படம் வந்த பெறகு ரெண்டையும் வச்சு வச்சுப் பாத்தேன்க்கா." அவள் விரல் செல்வத்தின் இடது கன்னத்தைத் தொட்டது. "அவரு லேசாச் சிரிச்சாலே இங்கன குழி விழுது. இதுல பாருங்க, வாய் இம்புட்டு தொறந்துருக்கு, குழி எங்க? இல்லையே. இவரு சிரிக்கலைக்கா. அழுதுருக்காரு."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பூதக்கண்ணாடி வைத்து நான் பார்த்ததை அந்தப் பிள்ளை வெறுங்கண்ணால் பார்த்துவிட்டது. என்னைவிட நன்றாகவே பார்த்துவிட்டது. "ஆமாம்மா" என்றேன்.

போனைப் பைக்குள் வைத்தாள். பையைப் பெஞ்சில் வைத்து, செருப்பைக் கழற்றிவிட்டு, நான் சொல்லாமலே போய் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"அவருக்கு என் படம் ஒண்ணு போகணும். அந்தப் பட்டனைக் குடுங்க."

கொடுத்தேன்.

"எடுக்குறேன்க்கா" என்றாள்.

நான் திரும்பி நின்றுகொண்டேன்.